தளம் போட எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை லிட்டர் தண்ணீர்?

கேள்வி: திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய தெருவில் வீடு கட்டுகிறோம். தரைத்தளத்திற்கு மேல் ரூஃப் கான்கிரீட் போடும் கட்டம் வந்துவிட்டது. தளம் 36 அடி நீளம், 20 அடி அகலம், 5 அங்குலக் கனம். மேஸ்திரி 100 மூட்டை சிமென்ட், 2 யூனிட் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), 4 யூனிட் ஜல்லி வேண்டும் என்கிறார். கல்லூரியில் வணிகவியல் படிக்கும் என் மகன், 1:1½:3 கலவை என்று வைத்துக் கணக்கிட்டு 44 மூட்டை போதும் என்கிறான். மேஸ்திரி எங்களை ஏமாற்றுகிறாரா? தெரு குறுகலாக இருப்பதால் ரெடி மிக்ஸ் வண்டி உள்ளே வராது. போர் தண்ணீரிலேயே கலவை போடலாம் என்றும் மேஸ்திரி சொல்கிறார், அது சரியா? பீம், மாடிப்படி, சன்ஷேடு ஆகியவற்றின் அளவுகளை வரைபடத்திலிருந்து எழுதி இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

மேஸ்திரி உங்களை ஏமாற்றவில்லை. அவர் சொன்ன 100 மூட்டை சற்றுத் தாராளமான கணக்கு, அவ்வளவுதான். உங்கள் மகனின் 44 மூட்டையை நம்பி வேலையைத் தொடங்கியிருந்தால், தளத்தில் ஏறத்தாழப் பாதி மட்டுமே முடிந்த நிலையில் சிமென்ட் தீர்ந்து போயிருக்கும். ஆனாலும் மகன் கணக்குப் போட்டுப் பார்த்ததை நான் பாராட்டுகிறேன். எங்கே தவறினார் என்பது தெரிந்துவிட்டால், இந்தக் கணக்கை அவரே இனி யாருடைய உதவியும் இல்லாமல் போட்டுவிடலாம்.

அவர் தளத்தின் கன அளவை 36 × 20 × 5/12 என்று பெருக்கி 300 கன அடி என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். பிறகு, கலவையில் சிமென்ட், மணல், ஜல்லி ஆகியவற்றின் பங்குகளான 1, 1½, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 5½ என்பதால் 300-ஐ 5½-ஆல் வகுத்து 54½ கன அடி சிமென்ட் என்றும், ஒரு மூட்டை 1¼ கன அடி என்பதால் 44 மூட்டை என்றும் முடித்திருக்கிறார். இதில் இரண்டு பிழைகள் உள்ளன.

முதலாவது, தளத்தோடு சேர்த்து ஒரே நேரத்தில் போடப்படும் பீம்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை. நீங்கள் அனுப்பிய அளவுகளின்படி, 9 அங்குல அகலமுள்ள பீம்கள் தளத்திற்குக் கீழே 10 அங்குலம் இறங்குகின்றன. 36 அடி நீளத்தில் இரண்டும், அவற்றுக்கு இடையே 18½ அடி நீளத்தில் நான்கும் இருப்பதால் மொத்த நீளம் 146 அடி. கீழே இறங்கும் பகுதி மட்டும் 146 × 0.75 × 10/12, அதாவது சுமார் 91 கன அடி. மாடிப்படிக்காக விடும் 8 × 6 அடித் திறப்பு 20 கன அடியைக் குறைக்கிறது. 40 அடி நீள சன்ஷேடு அதே 20 கன அடியைத் திரும்பக் கூட்டிவிடுகிறது. ஆகவே நீங்கள் போடப்போகும் கான்கிரீட் 300 கன அடி அல்ல, 391 கன அடி. ஒரு கன மீட்டர் 35.3 கன அடி என்பதால், இது 11.08 கன மீட்டர். இனி எல்லாவற்றையும் கன மீட்டரிலேயே சொல்கிறேன். தர விதிகள் யாவும் அந்த அளவில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது பிழை இதைவிட முக்கியமானது. உலர்ந்த பொருட்களின் கொள்ளளவும் கலந்து இறுகிய கான்கிரீட்டின் கொள்ளளவும் ஒன்றல்ல. ஒரு மரக்கால் நெல்லிக்காயின் மேல் அரிசியைக் கொட்டிக் குலுக்கினால் அரிசி இடுக்குகளுக்குள் இறங்கிவிடுவதைப் போல, ஜல்லியின் இடைவெளிக்குள் மணலும், மணலின் இடைவெளிக்குள் சிமென்ட் பாலும் புகுந்துவிடுகின்றன. அதனால் 1 கன மீட்டர் கான்கிரீட் கிடைக்க, தனித்தனியாக அளந்த உலர் பொருட்கள் ஏறத்தாழ 1.54 கன மீட்டர் தேவைப்படும் என்பது நம் ஊரில் மதிப்பீடு போடுபவர்கள் அனைவரும் கையாளும் கணக்கு. 1.54-ஐ 5½-ஆல் வகுத்தால் 0.28 கன மீட்டர் சிமென்ட்; ஒரு கன மீட்டர் சிமென்ட் 1,440 கிலோ என்பதால் 403 கிலோ, அதாவது 8 மூட்டைக்குச் சற்று மேல். 11.08 கன மீட்டருக்கு 89 மூட்டை. சிந்துவது, சென்டரிங் இடுக்குகளில் ஒழுகுவது ஆகியவற்றுக்காக 3 விழுக்காடு சேர்த்தால் 92. மேஸ்திரியின் 100 மூட்டைக்கு மிக அருகில் வந்துவிட்டோம்.

இந்த 1.54 என்பது விதியன்று, அனுபவத்தில் வந்த ஒரு சராசரி என்பதையும் சொல்லியாக வேண்டும். பொருட்களின் உண்மையான அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால் விடை சற்று மாறும். 35 லிட்டர் பெட்டியால் அளந்து, ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு ஒன்றரைப் பெட்டி மணலும் மூன்று பெட்டி ஜல்லியும் போடுவதாக வைத்துக்கொள்வோம். 50 கிலோ சிமென்ட் திண்மமாக 16 லிட்டர் இடத்தையும், 84 கிலோ மணல் 32 லிட்டரையும், 157 கிலோ ஜல்லி 58 லிட்டரையும், 25 லிட்டர் தண்ணீர் தன் 25 லிட்டரையும் பிடித்துக்கொள்ளும். சிறிதளவு காற்றையும் சேர்த்தால் ஒரு மூட்டையிலிருந்து கிடைக்கும் கான்கிரீட் சுமார் 133 லிட்டர். அப்படியானால் ஒரு கன மீட்டருக்கு 7½ மூட்டை, மொத்த வேலைக்கு 83 மூட்டை. ஒரே கலவைக்கு ஒரு வழியில் 89, இன்னொரு வழியில் 83 என்று வருவதற்குக் காரணம், கொள்ளளவில் அளக்கும்போது மணலும் ஜல்லியும் எவ்வளவு இறுக்கமாகப் பெட்டியில் உட்கார்ந்தன என்பது யாருக்கும் தெரியாததுதான். எடையில் அளந்தால் இந்த ஐயம் எழாது. அதனால்தான் நான் எப்போதும் எடைக் கணக்கையே வலியுறுத்துகிறேன்.

இதுவரை உங்கள் கேள்விக்கான விடை. நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. உங்கள் வீட்டின் ஆயுளை முடிவு செய்யப்போவது அதுதான். மேஸ்திரி சிமென்ட்டுக்கு எண் சொன்னார், மணலுக்கும் ஜல்லிக்கும் எண் சொன்னார். தண்ணீருக்கு அவர் எண் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கலவையில் சேரும் நான்கு பொருட்களில் விலையில்லாதது என்பதாலேயே அது கணக்கிலிருந்து விடுபட்டுப் போகிறது.

சிமென்ட் முழுமையாக வினைபுரிந்து இறுகுவதற்கு அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு தண்ணீர் போதும். ஒரு மூட்டைக்கு 20 லிட்டர். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கலவையை இளக்கிச் சுலபமாகப் பரப்புவதற்காகத்தான். அந்த உபரித் தண்ணீர் பின்னர் ஆவியாகி வெளியேறும்போது, அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாக நின்றுவிடுகிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, எம்20 தரத்திற்கான பெயரளவுக் கலவைக்கு (1:1½:3 போல நிலையான விகிதத்தில் போடும் கலவை; எம்-க்குப் பின்னுள்ள எண் கான்கிரீட் எட்ட வேண்டிய வலிமையைக் குறிக்கும்) ஒரு மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறது. வேலைத்தளத்தில் குழாயை மிக்ஸரின் வாய்க்குள் விட்டு, கலவை ஓடும் அளவுக்கு வந்ததும் எடுத்துவிடும் வழக்கத்தில் 35 லிட்டர், சில நேரம் அதற்கும் மேல், உள்ளே போய்விடுகிறது. சிமென்ட் மூட்டையின் எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் அப்படிப்பட்ட கான்கிரீட் எம்20-இன் வலிமையை எட்டாது.

உங்கள் தெருவில் இது வலிமையைப் பற்றிய கவலையோடு நின்றுவிடுவதில்லை. கடற்காற்று நேரடியாகப் படும் இடத்தில் இருக்கும் கட்டடத்தை ஐ.எஸ். 456 ‘கடுமையான சூழல்’ என்று வகைப்படுத்துகிறது. அங்கே இரும்புக் கம்பியுள்ள கான்கிரீட் குறைந்தது எம்30 தரத்தில் இருக்க வேண்டும்; கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட் இருக்க வேண்டும்; தண்ணீரின் எடை சிமென்ட்டின் எடையில் 0.45 பங்கைத் தாண்டக் கூடாது; கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட், வேண்டும். காற்றில் வரும் உப்பு, நான் மேலே சொன்ன நுண்துளைகளின் வழியாகத்தான் கம்பியைச் சென்றடைகிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, கடலை ஒட்டிய பழைய வீடுகளில் ரூஃபின் அடிப்பகுதி பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். துருப்பிடிக்கும் கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுவதால் ஏற்படும் சேதம் அது. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் சிமென்ட்டில் கஞ்சத்தனம் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீருக்கு வரம்பு வைக்காததும், கவர் போதாததும் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும்.

1:1½:3 போன்ற பெயரளவுக் கலவைகளை எம்20 வரைதான் பயன்படுத்தலாம் என்பது விதி. எம்30 தேவைப்படும் உங்கள் வீட்டிற்கு கலவை வடிவமைப்புக்கான ஐ.எஸ். 10262 முறைப்படி வடிவமைத்த கலவைதான் வேண்டும். வடிவமைத்த கலவை என்றதும் செலவு எகிறிவிடும் என்று அஞ்ச வேண்டாம். 20 மி.மீ. ஜல்லி, நடுத்தரமான எம்-சாண்ட், பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமென்ட், தண்ணீரைக் குறைக்க உதவும் சூப்பர் பிளாஸ்டிசைசர் ஆகியவற்றைக் கொண்டு நான் போட்டுப் பார்த்த மாதிரிக் கணக்கு இது: ஒரு கன மீட்டருக்குச் சிமென்ட் 375 கிலோ, தண்ணீர் 165 லிட்டர், எம்-சாண்ட் 665 கிலோ, ஜல்லி 1,180 கிலோ. மூட்டைக் கணக்கில் சொன்னால், 50 கிலோ சிமென்ட்டுக்கு 89 கிலோ எம்-சாண்ட், 157 கிலோ ஜல்லி, 22 லிட்டர் தண்ணீர். இதை மேலே சொன்ன எம்20 பெட்டிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜல்லி அதே 157 கிலோ. மணல் 84-க்குப் பதிலாக 89 கிலோ. சிமென்ட் அதே ஒரு மூட்டை. வேறுபாடு முழுவதும் தண்ணீரில்தான் இருக்கிறது. விதி அனுமதிக்கும் 30 லிட்டருக்கும் இந்த 22 லிட்டருக்கும் இடையிலான 8 லிட்டர்தான் இரண்டு படி உயர்ந்த தரத்தை உங்களுக்குத் தருகிறது. கூடுதல் செலவு என்று பார்த்தால், மூட்டைக்குச் சில நூறு கிராம் பிளாஸ்டிசைசரும் ஆய்வகக் கட்டணமும் மட்டுமே.

இந்த எண்களை அப்படியே மிக்ஸரில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் எம்-சாண்ட், ஜல்லி, சிமென்ட் ஆகியவற்றின் மாதிரியை ஒரு கட்டுமானப் பொருள் ஆய்வகத்தில் கொடுத்து, அவர்கள் சோதனைக் கலவை போட்டு உறுதி செய்து தரும் எண்களைத்தான் பயன்படுத்த வேண்டும். சோதனைக்காக வார்க்கும் கான்கிரீட் கட்டியான கியூப் 28 நாள் இறுகிய பிறகே இறுதி முடிவு கிடைக்கும் என்பதால், சென்டரிங் வேலை தொடங்குவதற்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். நான் தந்திருக்கும் எண்கள், எவ்வளவு பொருள் வாங்க வேண்டும் என்று மதிப்பிடுவதற்குப் போதுமானவை.

வீணாவதற்கான 3 விழுக்காட்டையும் சேர்த்து 11.4 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சிமென்ட் 86 மூட்டை, எம்-சாண்ட் 7.6 டன், ஜல்லி 13½ டன், கலவைத் தண்ணீர் 1,880 லிட்டர். வடசென்னையில் மணலையும் ஜல்லியையும் யூனிட் கணக்கில் விற்கிறார்கள்; ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். உலர்ந்த எம்-சாண்ட் ஒரு யூனிட் ஏறத்தாழ 4.7 டன், ஜல்லி ஏறத்தாழ 4¼ டன் இருக்கும். அந்த வகையில் எம்-சாண்ட் 1.6 யூனிட், ஜல்லி 3.2 யூனிட். தெருவோரம் கொட்டும்போது அடியில் மண்ணோடு கலந்துபோகும் பகுதியைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், எம்-சாண்ட் 2 யூனிட்டும் ஜல்லி 3½ யூனிட்டும் வாங்குவது பொருத்தம். சிமென்ட் 90 மூட்டை போதும். மேஸ்திரி கேட்ட 100 மூட்டையில் மிஞ்சுவதைப் பூச்சு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் சிமென்ட் மூட்டையை மாதக்கணக்கில் அடுக்கி வைப்பது நல்லதல்ல. பூச்சு வேலை தொடங்கும்போது புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜல்லி 3½ யூனிட்டையும் முக்கால் ஜல்லியாகவே வாங்க வேண்டாம். 20 மி.மீ. முக்கால் ஜல்லி 2 யூனிட்டும் 12 மி.மீ. அரை ஜல்லி 1½ யூனிட்டுமாக வாங்கிக் கலந்தால் இடைவெளிகள் நன்றாக நிரம்பும். பீமும் தூணும் சந்திக்கும் இடத்தில் கம்பிகள் நெருங்கி இருப்பதால் கலவை அங்கே தங்குதடையின்றி இறங்கும். எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசியைக் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பொதுப்பணித் துறையின் தர மதிப்பீட்டைப் பெற்ற உற்பத்தியாளரின் சரக்கா என்று கேட்டு வாங்குங்கள். பூச்சுக்கான பி-சாண்டைக் கான்கிரீட்டில் கலக்கக் கூடாது. தூசி மிகுந்தால் கலவை அதிகத் தண்ணீர் கேட்கும். நாம் வைத்த 22 லிட்டர் வரம்பு முதல் மிக்ஸர் சுற்றிலேயே உடைந்துவிடும்.

லாரி வந்ததும் டிப்பரின் உள் நீளம், அகலம், சரக்கின் சராசரி உயரம் மூன்றையும் டேப்பால் அளந்து பெருக்கிப் பாருங்கள். ஈரமான மணல் உப்பிக் காட்டும் என்பதை இங்கே மறக்கக் கூடாது. மணல் துகள்களைச் சுற்றிப் படரும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றைத் தள்ளி நிறுத்துவதால், சில விழுக்காடு ஈரத்திலேயே கொள்ளளவு 20 முதல் 30 விழுக்காடு வரை கூடிவிடுகிறது. இதைக் கண்டறிய எந்த ஆய்வகமும் வேண்டாம். நேரான சுவருள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் ஈர மணலைத் தளர்வாகப் போட்டு உயரத்தைக் குறித்துக்கொண்டு, பின் மணல் முழுவதும் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டு, அது படிந்த பிறகு மீண்டும் அளக்க வேண்டும். 25 செ.மீ. இருந்த மணல் 20 செ.மீ. ஆக இறங்கினால், உப்பல் 25 விழுக்காடு. அந்த மணலை உலர் மணல் என்று எண்ணிப் பெட்டியால் அளந்து போட்டால், ஒன்றரைப் பெட்டியில் உண்மையில் இருப்பது 1.2 பெட்டி மணல்தான். தளத்தின் அடியில் தேன்கூடு போல ஓட்டைகள் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மணலோடு வரும் ஈரத்தையும் கலவைத் தண்ணீரில் கழிக்க வேண்டும். ஒரு கிலோ மணலை இரும்பு வாணலியில் வறுத்து மீண்டும் எடை போட்டால் ஈரம் தெரிந்துவிடும். 5 விழுக்காடு ஈரம் இருந்து, அதில் 2 விழுக்காட்டைத் துகள்கள் தமக்குள் உறிஞ்சி வைத்திருந்தால், மீதமுள்ள 3 விழுக்காடு கலவையில் வெளிப்படும் தண்ணீர்; 89 கிலோவுக்கு ஏறத்தாழ 2.7 லிட்டர். உலர்ந்த ஜல்லி முக்கால் லிட்டர் அளவுக்கு உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே 22-க்குப் பதிலாக ஒரு மூட்டைக்கு 20 லிட்டர்தான் ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மணலானால் இன்னும் குறையும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை வறுத்துப் பார்க்கும் பொறுப்பை உங்கள் மகனிடமே ஒப்படையுங்கள்.

மேஸ்திரிகள் பாண்டு (சுமக்கும் சட்டி) கணக்கில்தான் வேலை செய்கிறார்கள். அதை மாற்றச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. வாடகைக்கு ஒரு மேடைத் தராசை எடுத்து, வேலை தொடங்கும் முன் ஒரு பாண்டு மணலும் ஒரு பாண்டு ஜல்லியும் தலை தட்டிய நிலையில் எத்தனை கிலோ நிற்கின்றன என்று எடை போடுங்கள். அதைக் கொண்டு ஒரு மூட்டைக்கு மணல் எத்தனை பாண்டு, ஜல்லி எத்தனை பாண்டு என்று கணக்கிட்டு, சித்தாட்கள் அனைவருக்கும் தெரியும்படி மிக்ஸரின் பக்கத்தில் சாக்பீஸால் எழுதிவிடலாம். தண்ணீருக்குக் குழாய் வேண்டாம். லிட்டர் குறியிட்ட வாளி மட்டும் இருக்கட்டும். பிளாஸ்டிசைசரை அந்த வாளித் தண்ணீரிலேயே அளந்து கலந்து ஊற்ற வேண்டும். கலவை கெட்டியாக இருக்கிறது என்று வேலையாட்கள் சொன்னால், பிளாஸ்டிசைசரின் அளவை ஆய்வகம் சொன்ன வரம்புக்குள் சற்று உயர்த்தலாமே தவிர, ஒரு குவளைத் தண்ணீர் கூடச் சேர்க்கக் கூடாது. வைப்ரேட்டர் ஒன்றும், அது பழுதானால் மாற்றுவதற்கு இன்னொன்றும் தயாராக இருந்தால், தண்ணீர் குறைந்த கலவையும் ஒழுங்காக இறுகும்.

வேலை நடக்கும்போதே கணக்கைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒரு மூட்டைக்கு 133 லிட்டர், அதாவது 4.7 கன அடி கான்கிரீட் என்பதால், பீம்கள் நிரம்பிய பிறகு 10 மூட்டை காலியாகும்போது 5 அங்குலத் தளத்தில் ஏறத்தாழ 113 சதுர அடி மூடியிருக்க வேண்டும். அதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாகப் பரவியிருந்தால், தளத்தின் கனம் குறைகிறது, அல்லது தண்ணீரோ மணலோ கூடிவிட்டது என்று பொருள். காலிச் சாக்குகளை எண்ணுவதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள்.

போர் தண்ணீர் விஷயத்தில் மேஸ்திரியின் யோசனையை ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன். மீஞ்சூர் முதல் கடற்கரையோரம் நெடுக நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல காலமாக அறியப்பட்ட செய்தி. உங்கள் தெருவில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கம்பியுள்ள கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. கையடக்க டி.டி.எஸ். கருவி காட்டும் எண் மொத்த உப்பைத்தான் சொல்லும், குளோரைடைத் தனியே சொல்லாது. ஆகவே ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த சான்று இல்லாமல் அந்தத் தண்ணீரைத் தொட வேண்டாம். வெளியிலிருந்து உப்பு உள்ளே நுழைவதைத் தடுக்கத்தான் இவ்வளவு பாடுபடுகிறோம். அந்த உப்பை நாமே வாளியில் ஊற்றிவிடக் கூடாது. கலவைக்கு வேண்டியது 2,000 லிட்டருக்கும் குறைவுதான். மெட்ரோ வாட்டர் லாரி ஒன்றே போதும்.

போட்ட தளத்தை ஈரமாக வைக்கும் க்யூரிங்குக்கும் அதே தரமான தண்ணீர்தான் வேண்டும். 720 சதுர அடித் தளத்தில் பாத்தி கட்டி ஒரு அங்குலம் நிறுத்த ஏறத்தாழ 1,700 லிட்டர் ஆகும். வெயிலில் வற்றுவதை நாள்தோறும் ஈடு செய்ய வேண்டும். பி.பி.சி. சிமென்ட்டில் நிலக்கரிச் சாம்பல் கலந்திருப்பதால் அது மெதுவாக இறுகும். கடற்கரைச் சூழலில் உப்பு ஊடுருவலைத் தடுப்பதில் சாதாரண சிமென்ட்டைவிட அது மேலானது, ஆனால் க்யூரிங்கை அது கூடுதலாகக் கேட்கும். விதி குறைந்தது 10 நாள் என்கிறது, வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் 14 நாள். சென்னை வெயிலுக்கு 14 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் போடும் நாளன்று கியூப் எடுக்க மறக்க வேண்டாம். 6 முதல் 15 கன மீட்டர் வரையிலான வேலைக்கு இரண்டு மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று கியூப் என்பது விதி. வேலையின் முற்பகுதியில் மூன்றும் பிற்பகுதியில் மூன்றும் எடுத்து, ஆய்வகத்தில் 28 நாளில் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் என்னை உறுத்துவது ஒன்று மீதமிருக்கிறது. 5 அங்குலத் தளம் என்பது 127 மி.மீ. அதில் அடியில் 45 மி.மீ. கவர் விட்டால், கம்பி வேலை செய்வதற்கான ஆழம் வெகுவாகக் குறைந்துவிடும். வரைபடம் போட்ட பொறியாளர் 20 மி.மீ. கவர் என்று வைத்து வடிவமைத்திருந்தால், இப்போது கவரை மட்டும் கூட்டுவது தளத்தின் வலிமையைக் குறைக்கும்; 20 மி.மீ. கவரையே வைத்துக்கொண்டால், கடற்காற்றில் கம்பி நெடுநாள் தாங்காது. கடலிலிருந்து உங்கள் வீடு இருக்கும் தொலைவைச் சொல்லி, எந்தச் சூழல் வகைக்கு, எந்த எம் தரத்திற்கு, எவ்வளவு கவருக்கு வடிவமைத்தார் என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் தளத்தை 6 அங்குலமாக்கச் சொன்னால், பீமின் மொத்த ஆழம் மாறாமல் இருக்கும் நிலையில், கான்கிரீட் 1⅓ கன மீட்டர் கூடும். சிமென்ட்டில் 10 மூட்டை, எம்-சாண்டில் கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக, ஜல்லியில் அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக. மேஸ்திரி கேட்ட 100 மூட்டையும் 4 யூனிட் ஜல்லியும் அப்போது சரியாகவே அமைந்துவிடும். பொறியாளரின் பதில் கைக்கு வந்த பிறகே கடைக்கு ஆர்டர் சொல்லுங்கள்.